அந்தக் குறுஞ்செய்தி உங்கள் போனுக்குத்தான் வந்தது

வேடசந்தூர், வடமதுரை, எரியோடு, குஜிலியம்பாறைப் பக்கம் தங்கையோடு பிறந்த தம்பிகளுக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் இந்தப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தினேன். இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் டேலி ஆகிறவரை வீட்டுக்கு விடமாட்டேன் என்று என்மேல் கோபப்பட்டவர்கள் நீங்கள். இன்று திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறீர்கள், கரூரில் தறி ஓட்டுகிறீர்கள், ஒருவர் இருவர் சவுதியில் டிரைவராக இருக்கிறீர்கள். ஊருக்கு வந்தால் பைக்கை நிறுத்தி "நல்லாருக்கீங்களா டீச்சர்" என்று கேட்காமல் போனதில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் அப்பாக்களுக்கு ஏன் எழுதவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம், நன்றாக மார்க் வாங்கிய பெண்பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவது என் வழக்கம். அப்பா கட்டிலை விட்டு எழுந்து, துண்டால் நாற்காலியைத் தட்டிப் போடுவார். அம்மா பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து டீ போடுவார். பிள்ளை கதவு நிலையில் சாய்ந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அப்பா சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன் டீச்சர்." அந்தப் பையனுக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ வயது. வெளியூரில் இருக்கிறான், மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறான், ஸ்மார்ட் போன் வைத்திருக்கிறான். அப்பாவுக்கு வெளி உலகம் என்றால் இப்போது அந்தப் பையன்தான். பத்து வருடம் முன்பு அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ இருந்த சொல் உங்கள் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வந்தது உங்களுக்கே சரியாகத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

2023இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். 600க்கு 531 வாங்கிய பிள்ளை. அரசுக் கல்லூரியில் பி.காம். வேண்டும் என்றாள். அரசுக் கல்லூரிகளில் பி.காம். சீட்டுக்குத்தான் போட்டி அதிகம், ஆனால் அந்த மார்க்குக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். போன் நம்பர் என்ற கட்டம் வந்தது. வீட்டில் இருந்தது பட்டன் போன், அதிலும் பேலன்ஸ் இல்லை. "அண்ணன் நம்பர் குடுக்கட்டா டீச்சர்?" என்று கேட்டாள். சரி என்றேன். ஓடிபி திருப்பூருக்குப் போனது, அவன் அங்கிருந்து எண்களைச் சொன்னான், நாங்கள் இங்கே தட்டினோம். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

கலந்தாய்வுக்கு வரச்சொல்லும் செய்தியும் அதே எண்ணுக்குத்தான் போனது. பிள்ளை தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் வரல" என்றான். ஜூன் பாதி கழிந்த பிறகு நான் கல்லூரிக்கே போய் விசாரித்தபோது, பட்டியலில் அவள் பெயர் மேலேயே இருந்தது, கூப்பிட்ட தேதிக்கு வரவில்லை என்று தாண்டிப் போயிருந்தார்கள். பி.காம். நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் அவள் மில்லில் சேர்ந்தாள்.

ஐப்பசியில் தீபாவளிக்கு வந்திருந்தவனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "மெசேஜ் பாத்தேன் டீச்சர். சொல்லல. சொல்லிருந்தா போறேன்னு அழுவா. அப்புறம் விட்டுத்தான ஆகணும்."

தம்பிகளே, அவன் கெட்டவன் இல்லை. பிளஸ் டூவில் கணக்கு நன்றாக வந்தும், அப்பாவுக்குக் கால் முறிந்ததால் படிப்பை விட்டுவிட்டு பதினெட்டு வயதில் பஸ் ஏறியவன். தங்கைமேல் உயிரை வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் ஒரு பட்டனை அழுத்தாமல் இருந்ததில் அவளுடைய மூன்று வருடம் போய்விட்டது. யாரும் அவளை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. "படிக்காதே" என்று அந்த வீட்டில் ஒரு சொல்கூட எழவில்லை. ஒரு செய்தி ஒரு போனிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டத்தில் அவன் நம்பரைப் போடச் சொன்னது நான்தானே.

இதைப் பணத்தின் தலையில் கட்ட முடியாது. அந்த விண்ணப்பத்துக்கு ஆன செலவு ஐம்பது ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இரண்டே ரூபாய். அரசு கலைக் கல்லூரியில் வருடத்துக்குக் கட்டவேண்டியது சில ஆயிரம். வேடசந்தூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. போனாலும் உண்டு.

இந்த ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்து நின்ற மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியபோது அது கல்யாண உதவித் திட்டம். ஏழை வீட்டுப் பெண் எட்டாவதாவது படித்திருந்தால் கல்யாணத்துக்கு ஐயாயிரம். பணத்துக்காகவாவது எட்டாவது வரை அனுப்புவார்கள் என்பது அதன் கணக்கு. 2011இல் அதோடு தாலிக்குத் தங்கம் நான்கு கிராம் சேர்ந்தது, பட்டம் படித்த பெண்ணுக்கு ஐம்பதாயிரமும் கொடுத்தார்கள். 2022இல் அதே அம்மையார் பெயரில் அந்தப் பணத்தைப் படிப்புக்குத் திருப்பி, அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் என்று தொடங்கினார்கள். கல்யாண நாளில் வந்துகொண்டிருந்த பணம் கல்லூரி நாட்களுக்கு வருகிறது. "தாலிக்குத் தங்கம் நின்னுபோச்சே டீச்சர்" என்று உங்களில் சிலர் என்னிடம் வருத்தப்பட்டீர்கள். மூன்று வருடம் மாதாமாதம் ஆயிரம் என்றால் முப்பத்தாறாயிரம். பெருக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்த ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் இல்லையென்றால் இன்றே கொடுத்துவிடுங்கள்.

2021-22இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47. இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 28.4தான். நமக்குப் பெருமையான எண். ஆனால் கூட்டிக் கழித்தால் மீதி நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. அந்த ஐம்பத்து மூன்றில் பலருடைய வீடுகளில் நான் டீ குடித்திருக்கிறேன்.

மில் கணக்குக்கு வருகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நம் ஊர் முக்கில் வந்து நிற்கும் மில் வேனை எல்லோரும் பார்த்திருக்கிறோம். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏறுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் என் மாணவிகள். சிலர் மில் ஹாஸ்டலிலேயே தங்கிவிடுகிறார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று காலத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏஜென்ட்கள் வீடு வீடாக வந்து சொன்னார்கள். இடையில் நின்றுவிட்டால் அந்த மொத்தத் தொகை இல்லை. எத்தனை பிள்ளைகள் இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது உங்கள் தெருவைக் கேட்டாலே தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பி.காம். படிக்கவும் அதே மூன்று வருடம்தான் ஆகும். அந்த ஐம்பதாயிரம் இன்றைய விலைக்கு ஒரு பவுனுக்குக்கூடக் காணாது.

"டிகிரி முடிச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும், பவுன் கூடக் கேப்பான்" என்கிறீர்கள். பொய் என்று சொல்லமாட்டேன், நடக்கிறது. நகைக் கடன் கடைசியில் உங்கள் தோளில்தான் வந்து விழும் என்பதும் தெரியும். இதற்கு உங்களை முழுசாகச் சமாதானப்படுத்துகிற பதில் என்னிடம் இல்லை. நான் பார்த்ததைச் சொல்ல முடியும். பத்தொன்பது வயதில் பதினைந்து பவுன் போட்டு அனுப்பிய பிள்ளை, இருபத்து நாலு வயதில் இடுப்பில் ஒரு குழந்தையோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில். நகை போய்விட்டிருக்கும். கதவைத் திறக்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அன்றைக்கு அவள் கையில் என்ன சர்டிபிகேட் இருக்கிறது என்பது உங்கள் குடும்பத்தையும் சேர்த்துத்தான் பாதிக்கும்.

சர்டிபிகேட் என்றதும் இன்னொன்று. முதல் பட்டதாரி சான்றிதழால் கிடைக்கும் ஃபீஸ் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பல வீடுகளில் அதை நீங்கள் வாங்கிவிட்டீர்கள். கடன் வாங்கி, காட்டை விற்று, தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்தார்கள். எட்டு அரியரோடு பாதியில் நின்றுவிட்டீர்கள். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை, பதினேழு வயதில் யாரோ பிடித்துத் தள்ளிய இடத்தில் போய் விழுந்தீர்கள். ஆனால் அந்தக் கடனைக் காட்டித்தான் அடுத்தவளை நிறுத்தினார்கள். அவளுக்கு அந்தச் சலுகையும் இல்லை, விற்கக் காடும் இல்லை. உங்களுக்கு ஒரு முறை தோற்றுப் பார்க்க இடம் கொடுத்த வீடு, அவளுக்குச் சேர்ந்து பார்க்கவே இடம் கொடுக்கவில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. பணம், பவுன், ரோடு என்று என்ன காரணம் சொன்னாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். அவள் கல்லூரியில் யாரோடு பேசுவாள், அவன் எந்தத் தெருக்காரன். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இன்ஜினியரிங் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். அவரும் அவர் மனைவி கௌசல்யாவும் பொள்ளாச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எங்கள் பள்ளியில் அப்போது பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் ஊரில் காதில் விழுந்த பேச்செல்லாம் "காலேஜுக்கு அனுப்பினா இப்படித்தான்" என்பதுதான். வெட்டியவர்களை விட்டுவிட்டு, அனுப்பியதைக் குற்றம் சொன்னார்கள். தேர்வறையில் என் பிள்ளைகள் விடைத்தாளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய கல்லூரி அந்த வாரத்தில் முடிந்துபோனது என்பது மே மாதம் வீடு வீடாகப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இது எனக்குப் புதிது இல்லை. என் வீட்டிலேயே நடந்தது.

நான் பிளஸ் டூ முடித்தது 1982இல். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அப்பாவுக்கு என்னைக் கல்லூரிக்கு அனுப்ப மனசில்லை. அண்ணன்தான் திண்டுக்கல் போய் விண்ணப்பம் வாங்கி வந்தான். அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனான். மூன்று வருடம், காலையில் நாலு கிலோமீட்டர் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். மழையில் வண்டி சேற்றில் இறங்கினால் என்னை இறங்கச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே நடப்பான், சேலை அழுக்காகிவிடும் என்று. நான் டீச்சர் ஆனது அந்தச் சைக்கிளால்தான்.

1985 தை மாதம். நான் கடைசி வருடம். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அந்தத் தெருவில் அப்போது ஐந்து பெண்கள் படித்துக்கொண்டிருந்தோம், பள்ளியும் கல்லூரியுமாக. மறுவாரமே மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது என்பதால் தப்பித்தேன். என் தங்கை அந்த வருடம் பிளஸ் டூ எழுதினாள். என்னைவிட நல்ல மார்க். விண்ணப்பம் வாங்க அண்ணன் திண்டுக்கல் போவான் என்று அவளும் நானும் காத்திருந்தோம். அவன் போகவில்லை. கேட்டபோது, "வேணாம்டி, ஒண்ணு படிச்சது போதும்" என்றான். என்னை மூன்று வருடம் சுமந்த அதே அண்ணன். அவனுக்குத் தங்கைமேல் சந்தேகமே கிடையாது. ஊர் வாய்க்குப் பயந்தான். யாரோ ஒருத்தி தன் வாழ்க்கைக்கு எடுத்த முடிவுக்கு, சம்பந்தமே இல்லாத என் தங்கை அபராதம் கட்டினாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். பதினேழு அயிட்டம் வாங்கினாலும் பேப்பர் இல்லாமல் கூட்டிச் சொல்வாள். கணக்குப்பதிவியல் நடத்திய நான் கால்குலேட்டரைத் தேடுவேன். அண்ணன் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தங்கை மகள் நர்சிங் படித்தபோது, யாரும் கேட்காமலே, நான்கு வருடமும் ஃபீஸ் கட்டியவன் அவன்தான். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். தங்கை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ரோடு சரியில்லை என்று சொல்கிறீர்களே, அதையும் பேசிவிடுவோம். இலவச பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், விளக்கு கிடையாது. கார்த்திகை மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். கடைசிப் பீரியட் முடிந்து வருகிற பிள்ளைக்கு அது பெரிய தூரம்தான். ஆனால் என் மாணவிகளிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் கருவேலங்காட்டைச் சொல்வதில்லை. முக்கு டீக்கடையைத்தான் சொல்கிறார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவர்கள், பைக்கை மெதுவாகப் பின்னாலேயே ஓட்டுகிறவர்கள், தெரியாமல் போட்டோ எடுக்கிறவர்கள். அவர்கள் யாரும் வெளியூர்க்காரர்கள் இல்லை. உங்கள் செட்டு. நீங்கள் லீவில் வந்தால் அதே பெஞ்சில்தான் உட்காருகிறீர்கள். உங்கள் தங்கை போகும்போது எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், ஏனென்றால் நீங்கள் இருக்கிறீர்கள். அடுத்த வீட்டுத் தங்கை போகும்போது அவளுடைய அண்ணன் திருப்பூரில் இருப்பான். அந்த நேரத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "டேய், விடுங்கடா" என்று நீங்கள் ஒருவர் சொன்னால் அந்த மூன்று கிலோமீட்டர் பாதியாகிவிடும். தெருவிளக்குக்கு பஞ்சாயத்தில் மனுக் கொடுப்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பெஞ்சுக்கு மனுக் கொடுக்க இடம் இல்லை, அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மில்லுக்குப் போன அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. போன மாசம் பார்த்தேன். மெலிந்திருக்கிறாள், இருமுகிறாள். "இனிமே சேர முடியுமா டீச்சர்?" என்று கேட்டாள். முடியும். விட்டுப்போனவர்களைத் தேடிச் சேர்ப்பதற்கென்றே உயர்வுக்குப் படி என்று முகாம்கள் நடக்கின்றன. வயது போய்விடவில்லை, மார்க் ஷீட் அழிந்துவிடவில்லை. அவள் அண்ணனுக்கு நானே போன் செய்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "கூட்டிட்டு வரேன் டீச்சர்" என்றான். வருவான் என்றுதான் நினைக்கிறேன். திருப்பூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வருகிற மே மாதம் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். இந்த முறை நான் உங்கள் வீடுகளுக்கு வரவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீங்கள் வாருங்கள். தங்கையை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பேங்க் பாஸ் புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு. சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இப்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள், மே மாதத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் நெரியும். வருகிற வழியில் கடையில் நின்று அவளுக்கென்று ஒரு சிம் வாங்கிக் கொடுங்கள். விண்ணப்பத்தில் இந்தத் தடவை அவள் நம்பரைத்தான் போடப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வணிகவியல் டீச்சர்